இந்த வாழ்க்கையை யார் தெரிவுசெய்தது? மலையகத்தில் தம் அன்றாடத்தை மீளாய்வு செய்யத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

மஸ்கெலியாவில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்கும், ஹட்டனில் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கும், பண்டாரவளையிலிருந்து போய்க் கொழும்பு புறக்கோட்டையில் புடவைக்கடையில் நிற்கும் ஓர் இளைஞனுக்கும் ஒரே கேள்வி வருவதுண்டு. வேலை இருக்கிறது, வீட்டில் அடுப்பும் எரிகிறது, ஆனாலும் நாட்கள் கழிகின்றனவே தவிர இது என் வாழ்க்கை என்ற நிறைவு ஏன் வருவதில்லை? இந்தக் கேள்வியை வெளியே சொல்லத் தயங்கி அடக்கிக்கொண்டிருப்பவர்களையும், அது எழுந்த வாரத்திலேயே வேலையை விட்டுவிடத் துடிப்பவர்களையும் மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. "என் கனவு என்ன" என்று தொடங்குவது பெரும்பாலானோருக்குப் பயன் தருவதில்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டு, அதில் எதை யார் தீர்மானித்தார்கள் என்று பார்ப்பதே உறுதியான தொடக்கம் என்பது என் எண்ணம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இக்கேள்விக்கு ஒரு தனிப் பாரம் உண்டு. 1820களில் எம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட காலத்திலிருந்தும், 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிடப்பட்ட தேயிலை மலையெங்கும் பரவிய பின்னரும், ஒரு குடும்பம் எங்கே குடியிருப்பது, எத்தனை மணிக்கு எழுவது, என்ன வேலை செய்வது, பிள்ளைகள் எதுவரை படிப்பது என்பனவற்றைப் பெரும்பாலும் தோட்ட நிர்வாகமே தீர்மானித்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எம்மவரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், யார் எந்த நாட்டில் வாழ்வது என்பதையே இலங்கை, இந்திய அரசாங்கங்களுக்கிடையிலான எண்கணக்காக்கியது. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்காக 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தாத்தாவும் பாட்டியும் தம் வாழ்க்கையைக் கேள்வி கேட்கவில்லை என்றால், கேட்டாலும் தெரிவுசெய்ய வேறொன்று அவர்கள் முன் இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். இன்று தெரிவுகள் குறைவாகவேனும் இருக்கின்றன, ஆனால் தெரிவுசெய்து பழகிய ஒருவரை அருகிலிருந்து பார்த்து வளரும் வாய்ப்புப் பல வீடுகளில் இல்லை. அந்தப் பழக்கத்தைப் படிப்படியாகக் கற்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு கேட்பது முன்னோரின் உழைப்பை அவமதிப்பதாகும் என்று எவரேனும் சொன்னால், அதை ஏற்க வேண்டியதில்லை.

தொடங்குமுன்: உடம்பையும் மனத்தையும் பார்த்துக்கொள்ளுதல்

நிறைவின்மை என்று நாம் நினைப்பது சில வேளைகளில் நோயாக இருக்கும். இரத்தச்சோகையுள்ள ஒரு பெண்ணுக்கு எந்த வேலையும் சலிப்பாகத்தான் தெரியும். மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத ஒருவருக்கு எந்த வாழ்க்கையும் வெறுமையாகத்தான் தெரியும். ஆகவே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுவதும் துயரமாக இருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டுப்போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு முதலில் வைத்தியரைச் சந்திக்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம். வீட்டில் அடி, உதை, அச்சுறுத்தல் என்பனதாம் துன்பத்துக்குக் காரணம் என்றால், அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயமாகையால், பெண்களுக்கான 1938 என்ற இலக்கம் இருக்கிறது.

முதற்படி: ஒரு வாரத்தைக் கொப்பியில் எழுதுதல்

ஒரு பழைய பாடசாலைக் கொப்பி போதும். ஏழு நாட்களுக்கு, எழுந்ததிலிருந்து படுப்பது வரை, என்ன செய்தோம் என்பதை மணி குறித்து எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று குறிகளில் ஒன்றை இட வேண்டும்: இதை வேறொருவர் தீர்மானித்தார், இது வெறும் பழக்கம், இதை நானே தீர்மானித்தேன். எழுதப் படிக்கச் சிரமப்படும் தாயார் ஒருவர், இரவில் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யலாம். பிள்ளை தன் அம்மாவின் ஒரு நாள் எவ்வளவு நீளமானது என்பதை அறிந்துகொள்வது இதனால் விளையும் மற்றொரு நன்மையாகும்.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் பக்கத்தில் விடியுமுன் எழுதல், தண்ணீர் பிடித்தல், ரொட்டி சுடுதல், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதல், பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டம்), மலை, கொழுந்து நிறுவை, மீண்டும் மலை, மீண்டும் நிறுவை, விறகு, சமையல், தொலைக்காட்சி நாடகம், தூக்கம் என்று வரிகள் ஓடும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே முதலாவது குறியே விழும். இதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நிறைவின்மைக்குக் காரணம் தன் குணக்கேடு என்று இத்தனை காலம் எண்ணியிருந்த ஒருவர், தன் நாளில் தனக்கென்று அரை மணி நேரம்கூட இல்லை என்பதைக் கண்ணால் காண்பதே ஒரு விடுதலை. ஆசிரியரின் பக்கத்தில் வேறொன்று தெரியவரும். பாடசாலை முடிந்தபின் டியூசன் வகுப்பு, அதன்பின் மற்றொரு டியூசன் வகுப்பு என்று நீளும் மாலைகளை அவரே தெரிவுசெய்ததாக நினைத்திருப்பார். ஆனால் வாங்கிய கடனின் தவணையே அவற்றைத் தெரிவுசெய்திருக்கும். புடவைக்கடை இளைஞனுக்கோ, நள்ளிரவு வரை கைபேசியில் கழியும் நேரத்துக்கு எதிரே இரண்டாவது குறி வரிசையாக விழும்.

அதே கொப்பியின் பின்பக்கத்தில் பணத்தையும் எழுத வேண்டும். சம்பளச் சிட்டையை எடுத்து, ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதம், தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத் தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று ஒவ்வொரு கழிவையும் வாசித்துப் பார்க்க வேண்டும். பிறகு சீட்டு, நகை அடகின் வட்டி, கைபேசி ரீலோட், மது, வெற்றிலை, மொய் என்பவற்றை எழுத வேண்டும். ஒருவர் எதைத் தம் வாழ்வில் பெரிதாக மதிக்கிறேன் என்று சொல்கிறாரோ அதற்கு இந்தப் பட்டியலில் ஒரு ரூபாவும் இல்லாதிருப்பது அடிக்கடி காணக்கூடியதே.

இரண்டாம் படி: மாற்றக்கூடியதையும் மாற்றமுடியாததையும் பிரித்தல்

வாரம் முடிந்ததும் அந்த வரிகளை மூன்றாகப் பிரிக்கலாம். நாளைக்கே மாற்றக்கூடியவை சில இருக்கும். விலை கொடுத்தால் மாற்றக்கூடியவை சில இருக்கும். தனியொருவரால் மாற்ற முடியாதவையும் இருக்கும்.

மூன்றாவது வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவ்விடத்தில்தான் இத்தகைய ஆலோசனைகள் பல தவறிப்போகின்றன. நாட்சம்பளம் போதாமல் இருப்பது ஒருவருடைய மனப்பாங்கினால் வந்த குறையல்ல. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது சம்பள நிர்ணய சபையின் வழியாகத்தான். அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான கோரிக்கையும் போராட்டமும் இருந்தன. லயன் காம்பராவின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையின்) கூரை ஒழுகுவதையோ, பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) தண்ணீர் வராததையோ, மனத்தைத் திருத்திக்கொள்வதன் மூலம் சரிசெய்ய முடியாது. அவை சங்கத்திலும், பிரதேச செயலகத்திலும், வாக்களிப்பிலும் கேட்கப்பட வேண்டியவை. உள்ளதைக் கொண்டு மனநிறைவோடு இரு என்று உழைப்பவரிடம் சொல்வது, உரிமையைக் கேட்காதே என்று சொல்வதற்குச் சமமாகிவிடும் என்பதால், அந்த அறிவுரையை நான் இங்கே தரமாட்டேன். ஆனால் தன்னுடைய எல்லாக் கேள்விகளையும் இந்த மூன்றாவது வகையிலேயே செலவிட்டுவிட்டு, நாளைக்கே மாற்றக்கூடிய நான்கைந்து வரிகளைத் தொடாமல் விட்டுவிடுவது பெரும் இழப்பு. மாலை நாடகத்துக்குப் போகும் ஒரு மணி நேரத்தில் பாதியை, ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலைக்குப் (உடனே காசு தரும் மேலதிக வேலைக்குப்) போவதா வேண்டாமா என்ற முடிவை, வட்டிக்கு எடுத்து மொய் வைக்கும் வழக்கத்தை எவருடைய அனுமதியும் இல்லாமல் மாற்றலாம்.

மூன்றாம் படி: மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல்

கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு பதிலளிக்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? யாரைப் பார்த்து எனக்குப் பொறாமை வருகிறது, அவருடைய எந்தப் பகுதியைப் பார்த்து? எவருக்குமே தெரியப்போவதில்லை என்றால் இதை நான் செய்வேனா?

முதற்கேள்விக்கான விடையை வேலைக்கு வெளியிலும் தேட வேண்டும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், பகல் முழுவதும் மலையில் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைத் தறித்துவிட்ட) ஒருவர், காப்புக் கட்டி, வேடம் புனைந்து, விடிய விடிய ஆடிவிட்டுக் களைப்பே இல்லாமல் நிற்பதைப் பார்க்கலாம். அவருக்குள் ஆடுபவரும் பாடுபவரும் கதை சொல்பவரும் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆண்டில் சில இரவுகளில் மட்டும் வெளிப்படும் அந்த ஆற்றலுக்கு மாதத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கிப் பிள்ளைகளுக்குத் தப்படிக்கவும் ஆடவும் கற்றுக்கொடுத்தால், அவர் தொழிலை மாற்றாமலேயே அவருடைய வாழ்க்கை மாறிவிடும். தலைமுறை தலைமுறையாக வந்ததை எல்லாம் சுமை என்று தள்ளிவிடுவதுதான் முன்னேற்றம் என்ற கருத்து, மலையகத்துக்குப் பொருந்தாத கருத்தாகும்.

இரண்டாம் கேள்வி சங்கடமானது, ஆகையால் அதை எவரிடமும் காட்டாமல் எழுதலாம். கொழும்பிலிருந்து வரும் மைத்துனரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று எழுதினால் போதாது. அவருடைய சம்பளமா, அவர் சரளமாகச் சிங்களம் பேசுவதா, மேலதிகாரி முன்னால் தலை நிமிர்ந்து நிற்பதா என்று நுணுகிப் பார்க்க வேண்டும். பொறாமைக்குக் காரணம் மொழி என்றால், அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. மொழி வகுப்பொன்றே போதும்.

மூன்றாம் கேள்விதான் எம்மிடையே மிகக் கடினமானது. லயத்தில் ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டில் வெங்காயம் தாளிப்பதும் சண்டை போடுவதும் அடுத்த வீட்டுக்குத் தெரியும். இந்த நெருக்கம் மரண வீட்டிலும் பிரசவத்திலும் பெருந்துணையாக நிற்கிறது, அதே நெருக்கம் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தையும் வளர்க்கிறது. மகளின் மஞ்சள் நீராட்டுக்கு ஒலிபெருக்கியும் மண்டபமும் வீடியோவும் வேண்டும் என்று நகையை அடகு வைத்தவர், அதை மகளுக்காகச் செய்தாரா, எதிர் வரிசை வீட்டாருக்காகச் செய்தாரா என்று தம்மையே கேட்டுப் பார்க்கட்டும். மகளுக்காக என்பது உண்மையான விடையாக இருந்தால் அந்தச் செலவில் குறை காண எனக்கு உரிமையில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை எடுத்த பிள்ளைக்கும், அரசாங்க உத்தியோகத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் பட்டதாரிக்கும், வெளிநாட்டு மாப்பிள்ளையைத் தேடும் பெற்றோருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நான்காம் படி: விட்டுவிடுவதற்கு முன் சோதித்துப் பார்த்தல்

விடை ஓரளவு தெரிந்ததும் பாய்ந்துவிடக் கூடாது. புதிய வகைத் தேயிலைக் கன்றை மலை முழுவதும் ஒரே நாளில் நட எந்தத் தோட்டத்திலும் துணியமாட்டார்கள். ஓர் ஓரத்தில் நட்டு, அந்த மண்ணில் அது பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். வாழ்க்கை மாற்றத்துக்கும் அத்தகைய ஓர் ஓரம் வேண்டும். சோதனைக்கு நான்கை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: எத்தனை நாள், எவ்வளவு பணம், எது நடந்தால் தொடர்வேன், எது நடந்தால் நிறுத்துவேன். கடைசியாகச் சொன்னதை எழுதாவிட்டால், சோதனை முடியும்போது மனம் தனக்கு விருப்பமான விடையையே சொல்லும்.

நுவரெலியாப் பக்கத்தில் மரக்கறி செய்ய ஆசைப்படும் ஒருவர், லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் ஒரே ஒரு போகம் கரட்டோ லீக்ஸோ போட்டு, விதை, உரம், தன் உழைப்பு ஆகிய மூன்றையும் கணக்கிலெடுத்து, விற்ற விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் என்று மகிழ்வதே புதியவர்கள் வழமையாகச் செய்யும் தவறு. எல்ல பக்கம் சுற்றுலாத் தொழிலுக்குப் போக விரும்புபவர், விடுமுறை நாட்களில் ஒரு தங்குவிடுதியில் துணையாளாக நின்று பார்க்கட்டும். பயணிகள் வரும் மாதங்களை மட்டும் பார்க்காமல் வராத மாதத்திலும் பார்க்க வேண்டும்.

தொழிற்கல்வியை நாடுவோருக்குப் பலர் அறியாத ஒரு வழி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை எனப்படும் சான்றிதழ் முறையில் ஏழு மட்டங்கள் உள்ளன. அதில் வகுப்புக்குப் போய்த்தான் தகைமை பெற வேண்டும் என்பதில்லை. மேசன் வேலையையோ, தையலையோ, மின்னிணைப்பு வேலையையோ அனுபவத்தால் கற்றுக்கொண்ட ஒருவர், முன்னர் கற்றதை மதிப்பிடும் முறையின் கீழ் தம் திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். சான்றிதழ் இல்லாததால் பத்து ஆண்டுகளாகக் கையாளாகவே கணிக்கப்பட்டுவந்த ஒரு மேசனுக்கு, தொழிலை மாற்றுவதைவிட இது பெரிய மாற்றமாக அமையக்கூடும். படிப்பைப் பாதியில் விட்ட ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ, வேலையோடு சேர்த்துப் படிக்க இலங்கை திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிராந்திய நிலையமொன்று கண்டியில் இயங்குகிறது.

ஊருக்குத் திரும்பி வர எண்ணும் கொழும்பு வாசிகளுக்கும் ஒரு சோதனை உண்டு. தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வந்து பார்த்துவிட்டு, ஊரில்தான் என் நிறைவு இருக்கிறது என்று முடிவுசெய்ய வேண்டாம். அந்நாட்களில் எல்லா உறவினரும் கூடியிருப்பார்கள், கையில் பணமும் இருக்கும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கமானால் தென்மேல் பருவமழை விடாது பெய்யும் ஜூலையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கமானால் வடகீழ்ப் பருவமழைக் காலத்து டிசம்பரிலும், விசேடம் எதுவுமில்லாத ஒரு வாரம் விடுப்பெடுத்து வந்து தங்க வேண்டும். அட்டை கடிக்கும், துணி உலராது, நண்பர்கள் எல்லோரும் வெளியூரில் இருப்பார்கள். அந்த வாரத்திலும் இங்கேயே இருக்கத் தோன்றினால் அந்த விருப்பத்தை நம்பலாம். வெளிநாடு செல்ல எண்ணுவோர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று உறுதிப்படுத்திக்கொள்வதோடு, அதே நாட்டிலிருந்து திரும்பியவர்களில் நன்றாக உழைத்து வந்தவர் ஒருவரிடமும், துன்பப்பட்டு வந்தவர் ஒருவரிடமும் பேச வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டாரிடம் சொல்லுதல்

கேள்வி எழுந்த அன்றே வீட்டில் சொல்வதும், எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் சொல்வதும் ஒரே அளவு பாதகமானவை. சோதனையின் அளவு தெரிந்த பிறகு, அந்தச் சோதனையைப் பற்றி மட்டும் சொல்வதே நல்லது. "அம்மா, நான் வேலய விடப் போறேன்னு சொல்லல்ல. மூணு மாசம் சனிக்கிழம மட்டும் தையல் வகுப்புக்குப் போயிப் பாக்குறேன். சம்பளத்துல நான் வீட்டுக்குக் குடுக்குறது கொறயாது" என்று மகள் சொன்னால், அம்மாவுக்கு எதிர்க்க அதிகம் இருக்காது. அம்மாவின் அச்சம் பெரும்பாலும் பணத்தையும் மகளின் பாதுகாப்பையும் பற்றியதாகவே இருக்கும்; அவ்விரண்டுக்கும் விடையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் நேரே பேச முடியாத வீடுகளில், அவர் மதிக்கும் மாமாவையோ பெரியப்பாவையோ முதலில் அணுகுவதில் தாழ்வொன்றுமில்லை. குடியிருக்கும் லயன் வீடு தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கும் இடங்களில், ஒருவர் வேலையை விடுவது முழுக் குடும்பத்தின் இருப்பிடத்தைப் பற்றிய கேள்வியாகவும் மாறக்கூடும் என்பதால், அதைத் தனியே தீர்மானிக்காமல் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சோதனை முடிந்தபின் பழைய வேலையிலேயே இருந்துவிடுவது என்ற முடிவுக்கு வந்தவர், தாம் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. அவருடைய கொப்பியில் வேலைக்கு எதிரே இருந்த குறி இப்போது மாறியிருக்கும். அவர் செய்ய வேண்டியது, நாளைக்கே மாற்றக்கூடியவை என்று எழுதிய வரிகளுக்குத் திரும்பி, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான்.

ஆறாம் படி: விலகுவதென்றால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு விலகுதல்

விலகுவது என்று முடிவாகிவிட்டால், இராஜினாமாக் கடிதத்துக்கு முன் சில காரியங்கள் உள்ளன. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உரித்தாகும். மாதச் சம்பளக்காரருக்கு ஓராண்டுக்கு அரை மாதச் சம்பளமும், ஏனையோருக்கு ஓராண்டுக்கு 14 நாட் சம்பளமும் என்று அது கணிக்கப்படும். 1350 ரூபா நாட்சம்பளத்தில் பத்து ஆண்டுகள் வேலை செய்தவருக்கு அது 189,000 ரூபாவாகும். நான்கு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் முடித்துவிட்டு மனம் வெறுத்து விலகுபவர் இந்த உரிமையை முழுவதுமாக இழக்கிறார். சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதத்தோடு தொழில்தருநர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மட்டும் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். அவை ஒழுங்காகச் செலுத்தப்பட்டனவா என்று கணக்குக் கூற்றைப் பெற்றுச் சரிபார்க்க வேண்டும். சேமலாப நிதியின் முழுத்தொகையைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே பெறலாம் என்பதால், புதிய வாழ்க்கையின் முதல் மாதங்களுக்கான செலவாக அதை எண்ணக் கூடாது. குறைந்தது மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு வேறாகக் கையில் இருக்க வேண்டும்.

தோட்டப் பகுதிகளில் மிக அதிகமாகத் தாமதத்தை உண்டாக்குவது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, சேமலாப நிதிப் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருந்தால், பணம் கைக்கு வர மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேறுபாடு இருந்தால் கிராம உத்தியோகத்தரின் சான்றையும் சத்தியக்கடதாசியையும் வேலையில் இருக்கும்போதே பெற்று, தோட்ட அலுவலகத்தில் பதிவைத் திருத்திக்கொண்டு, அதன் பிரதியையும் பழைய சம்பளச் சிட்டைகளையும் ஒரே கோப்பில் வைத்த பின்னரே விலகும் திகதியை எழுத வேண்டும்.